காலையில் ஒரு கால், அந்திக்கு இரண்டு கால்

சென்ற மாதம் எங்கள் பழைய சிகிச்சை நிலையத்தில் புதிதாக ஒரு வேலை தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு குடியை விட முடியாமல் தவிக்கிற நம் ஊர்க்காரர்களோடு கைத்தொலைபேசி வழியாகப் பேசும் வேலை. அதற்குச் சேர்ந்த பிள்ளைகள் ஐந்து பேரும் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், நீங்கதானாம் இத மொதல்ல செஞ்சது, ஒரு அரை மணித்தியாலம் பேசுங்க" என்றார்கள். நான் இரண்டு மணித்தியாலம் பேசினேன். அப்போதும் பாதிதான் முடிந்தது. நடுவில் சிரிப்பு வந்து நானே கெடுத்துக்கொண்டேன். மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெயர் பரீதா. கட்டுகஸ்தோட்டையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, முப்பத்தொரு வருடம் மகாவலிப் பாலத்தைத் தாண்டிக் கண்டிக்கு பஸ்ஸில் போய் வந்தவள். குடிநோய் ஆலோசகர் வேலை. எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு சாராயப் போத்தலின் மூடியைத் திறந்து மணந்துகூடப் பார்த்ததில்லை. நியமனக் கடிதம் வந்த அன்று உம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "குடிகாரன்கள்ட மொகத்தில முழிக்கவா புள்ள ஒன்னப் படிக்க வெச்சது?" என்று அழுதார். வாப்பா மட்டும், "நோயாளிதானே, போகட்டும்" என்றார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் ஒன்பது மாதம், தடித்த ஆங்கிலப் புத்தகங்கள், பரீட்சை, பாஸ். அங்கே படித்ததைவிட அந்த கன்டீன் வடைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உண்மையான படிப்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து வந்த ஒரு ஐயாவோடு தொடங்கியது. "எவ்வளவு செல்லுங்க ஐயா" என்று கேட்டேன். எங்கள் வீட்டுப் பேச்சில் 'சொல்லுங்க' என்பது 'செல்லுங்க' என்றுதான் வரும். முப்பத்தொரு வருடத்திலும் அது மாறவில்லை.

"அந்திக்கு ஒரு காலு மிஸ். காலு இல்லாட்டி கை நடுங்குது."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. "எந்தக் காலு? சாரத்தக் கொஞ்சம் தூக்குங்க பாப்பம்" என்றேன். மனுஷன் திகைத்துப்போய் முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். நான் குனிந்து அமுக்கிப் பார்த்து, "இதில நோகுதா?" என்று கேட்டேன். வாசலில் நின்றுகொண்டிருந்த எங்கள் டொக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். கால் போத்தல் சாராயத்தைத்தான் தோட்டத்தில் காலு என்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் போத்தலில் இருந்தது மண்ணெண்ணெயும் தேனும்தான்.

டொக்டர் திரும்பி வந்து என்னைக் கேலி செய்யவில்லை. ஐயாவிடம், "இந்த மிஸ்ஸுக்குப் படிச்சுக் குடுங்க" என்றார். அவர் சிங்களவர். தமிழில் அவருக்கு இருபது, முப்பது சொல்தான் தெரியும். அந்த இருபது, முப்பதை வைத்துக்கொண்டு மலைநாட்டில் உள்ள அத்தனை பேரோடும் பேசிவிடுவார். 'கற்றுக்கொடுங்க' என்பதற்கு அவர் சொல்வதுதான் 'படிச்சுக் குடுங்க'. அந்த ஐயாவும் விரல் மடக்கி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: காலு, அரை, முழு.

டொக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார் வந்தாலும் கதிரையை விட்டு எழுந்து நிற்பார். ஆடை கலைந்து, வாடை வீசிக்கொண்டு, மனைவி இழுத்து வந்த ஆளாக இருந்தாலும், "வாங்க ஐயா, இருங்க" என்பார். வீட்டில் யாரும் எழுந்து நிற்காத மனுஷனுக்கு ஒரு டொக்டர் எழுந்து நின்றால் பாதி நடுக்கம் அங்கேயே நின்றுவிடும். பிறகு பிளேன்டீ வரும். கட்டாயம் கோப்பையும் தட்டும். எல்லாரும் அது உபசாரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் அவருடைய முதல் பரிசோதனை. அவர் ஆளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கோப்பை தட்டில் எவ்வளவு கிலுகிலுக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். கை நடுங்குகிறதா என்று கேட்டால் எவனும் இல்லை என்பான். கோப்பைக்கு அந்த ரோசம் கிடையாது.

அடுத்தது கேள்வி. "எவ்வளவு காலமாகக் குடிக்கிறீங்க" என்று கேட்கவே மாட்டார். நேற்று மட்டும்தான். நேற்று எழும்பினீர்கள், பிறகு? முகம் கழுவினீர்கள், பிறகு? இப்படியே படுக்கும்வரை கொண்டுபோவார். இருபது வருடக் குடியைப் பற்றிப் பொய் சொல்லலாம். நேற்றைய பதினொரு மணியைப் பற்றிப் பொய் சொல்வது கஷ்டம். கேட்டதை அந்த ஆள் சொன்ன சொல்லிலேயே ஃபைலில் எழுத வேண்டும். ஒருமுறை நான் 'தினமும் மது அருந்துகிறார்' என்று அழகாக எழுதி, பக்கத்தில் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். ஃபைல் திரும்பி வந்தது. "இவர் இப்படியா சொன்னார்?" என்று கேட்டார். மூன்று முறை திருப்பினார். நான்காம் முறை 'அடுப்பு பத்த வெக்க முந்தியே ஒரு மொடக்கு' என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம். இப்போது நினைத்தால் அந்தக் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அவருடைய இன்னொரு பிடிவாதம், அதிகமாகக் குடிக்கிறவன் தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்பது. வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்குவதே இல்லை. நாள் முழுக்கக் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரும் போகலாம். வைத்தியர் பார்த்து, மருந்து கொடுத்து, நாளுக்கு நாள் அந்த மருந்தைக் குறைத்துத்தான் குடியை விடுவிக்க வேண்டும். "வைராக்கியம் நல்லது, வார்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று சிங்களத்தில் சொல்வார் டொக்டர்.

இனி மகேஸ் என்கிற மகேஸ்வரனின் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்று மூன்றாவது மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் தனலட்சுமி. ஹந்தானைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவள், கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. நிலையத்தில் அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை, என்னைத் தேடிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் செருப்பைக் கழற்றவும் மறந்து வாசலிலேயே பேசத் தொடங்கினாள்.

"மிஸ், எங்க வீட்டுக்காரரு மகேஸ்வரன், இங்கிலாந்துல வயசானவங்க தங்குற விடுதியில சமையல் வேல. இங்க இருக்கையில தீவாளிக்கு மட்டுந்தான் தொடுவாரு. அங்க போயி தனியாக் கெடந்து பழகிட்டாரு. இப்ப காலையிலயே வேணுங்குது. நாளைக்கு வெள்ளிக்கெழம, முருகனுக்கு நேந்துக்கிட்டேன், கதவப் பூட்டிக்கிட்டு நிறுத்தப் போறேங்குறாரு. போன தடவையும் அப்புடித்தான் நிறுத்துனாரு மிஸ். ரெண்டாம் நாளு வலிப்பு வந்து அடுப்படியில விழுந்தாரு. வழுக்கிட்டேன்னு சொல்லிச் சமாளிச்சாரு. இந்த தடவ பூட்டுன அறைக்குள்ள விழுந்தா யாரு மிஸ் பாக்குறது?"

அங்கே டொக்டரிடம் போகவில்லையா என்று கேட்டேன்.

"போனாரு மிஸ். மூணு கெழமயா வைத்தியம் பாக்குறாங்க. ஆனா ஒண்ணுங் கேக்கல." கைத்தொலைபேசியில் அவர் அனுப்பியிருந்த கிளினிக் கடிதத்தின் படத்தைக் காட்டினாள். ஆங்கிலக் கடிதம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நோயாளிக்குக் காலையில் ஒரு காலிலும் மாலையில் இரண்டு கால்களிலும் வலி. எக்ஸ்-ரேயில் குறை எதுவும் இல்லை. இரண்டு முழங்கால்களுக்கும் பட்டி கொடுக்கப்பட்டது. தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகள் விளக்கப்பட்டன.

யா அல்லாஹ்! அழுதுகொண்டிருக்கிற ஒரு பெண்ணின் முன்னால் நான் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் என்னால் அடக்க ஏலவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பன்வில ஐயாவின் காலை நான் அமுக்கிப் பார்த்த கதையைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதான் மிஸ், கூப்புடும்போதெல்லாம் காலத் தூக்கி எறக்கிக்கிட்டே இருந்தாரு" என்றாள். அதோடு அவளுக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது.

சிரித்து முடிந்ததும் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் காலையில் முழங்காலுக்காக மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் அதற்குப் போகாமல் கதவைப் பூட்டிக்கொண்டால்? உடனே மகேஸை அழைத்தேன். வேலை இடைவேளையில் எடுத்தார். நல்ல மரியாதையான குரல்.

"தம்பி, நாளைக்கு நீங்க நிப்பாட்ட வாணாம்" என்றேன்.

"என்னா மிஸ் இப்புடிச் சொல்றீங்க? முருகனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

"முருகனிட்ட நான் தவணை கேக்குறேன். டொக்டர் பாத்து மருந்து தார வரைக்கும் கூட்டவும் வாணாம், ஒரேயடியா நிப்பாட்டவும் வாணாம். வழமையாக் குடிக்கிறதக் குடிங்க. அறையில தனியா ஈக்க வாணாம். நாளைக்குக் காலையில கட்டாயம் அந்த கிளினிக்குக்குப் போங்க. நான் போன்ல ஈப்பேன்."

திரும்பிப் பார்த்தால் என் கணவர் பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடித்து வந்து, தொப்பியும் கையுமாக வாசலில் நிற்கிறார். "பரீதா, நீ ஆருக்குக் குடிக்கச் செல்ற?" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு நானாவும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஹந்தானைப் பெண் ஒருத்தி அழுத கண்ணோடு விருந்தறையில் இருக்கிறாள், ஓய்வுபெற்ற பரீதா மிஸ் தொலைபேசியில் ஆளைக் குடிக்கச் சொல்கிறாள். இதற்கு என்ன விளக்கம் கொடுத்தாலும் எடுபடாது. எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் என் கணவர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார். பிறகு, "அந்தப் புள்ளக்கி நானும் துஆ கேக்குறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை. அங்கே காலை பத்து மணி, எங்களுக்குப் பிற்பகல் இரண்டரை. மகேஸ் போயிருந்தார். அப்பாடா என்று இருந்தது. அவருடைய கைத்தொலைபேசியை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்திருந்தார்கள். அந்தப் பக்கம் மகேஸ், ஒரு வெள்ளைக்காரத் தாதி, இன்னொரு தொலைபேசியில் மொழிபெயர்க்கிற பெண். அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு அங்கேயே பிறந்தவள்.

"ஓம் அக்கா, போன முறையும் நான்தான் கதைச்சனான். அவருக்குக் காலமை ஒரு காலும் பின்னேரம் ரெண்டு காலும் நோகுது."

"நோகுது எண்டு அவரு சென்னாரா மகள்?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்லை… காலமை ஒரு கால், பின்னேரம் ரெண்டு கால் எண்டுதான் சொன்னவர். கால் எண்டால் நோகுதெண்டுதானே அக்கா ஆஸ்பத்திரிக்கு வாறது?"

"அது நடக்கிற காலில்ல மகள். கால் போத்தல்."

"ஐயோ! ஐயோ கடவுளே!" என்று ஒரு கூவல். அவள் ஆங்கிலத்தில் தாதிக்குச் சொல்லச் சொல்ல, தாதியின் கதிரை கிரீச்சிட்டது. மகேஸ்தான் முதலில் பேசினார். "நான் என்னா மிஸ் கண்டேன்? வெள்ளக்காரன் வைத்தியம் காலுல இருந்துதான் ஆரம்பிக்கும்போலன்னு நெனச்சேன். மூணு கெழமயா ஒருநாளு விடாம காலத் தூக்குறேன்!"

"சரி தம்பி, இப்ப செல்லுங்க" என்றேன்.

அந்தப் பிள்ளை உடனே ஆங்கிலத்தில், அவரை வெளியே போகச் சொல்கிறார்கள் என்றாள். மகேஸும் கதிரையைத் தள்ளும் சத்தம் கேட்டது. "அட, இருங்க! போகச் செல்லல்ல, பேசச் செல்றேன்!" என்று நான் கத்தினேன். ஒரே அறையில் மூன்று தமிழ். தாதி மட்டும் பொறுமையாக இருந்தார். அதன் பிறகு நான் சொன்னேன்: "மகள், அவரு என்ன சொல்லு பாவிக்கிறாரோ அதையே செல்லுங்க. விளங்காட்டிக் கேளுங்க. நாங்களாச் சேக்க வாணாம்." "சரி அக்கா" என்றாள். ஒரு தப்பு நடந்ததும் இவ்வளவு கவனமாகத் திருந்திக்கொண்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நேற்றைய நாளை, அவர் எழும்பியதில் இருந்து கேட்டேன். மகேஸ் ஒவ்வொன்றாகச் சொன்னார். வலிப்பு வந்த இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்தது. தாதியிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. "வேல போயிரும் மிஸ். வீசா போயிரும். எம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போறதே இந்த அடுப்புலதான்" என்று அழுதார். தாதி நெடுநேரம் கேட்டுவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். இங்கே சொல்வது அவருடைய அனுமதி இல்லாமல் முதலாளியிடம் போகாது. வலிப்பு வந்தவரைத் தனி அறைக்கு அனுப்பவும் முடியாது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் கட்டில் ஏற்பாடு செய்கிறேன். மொழிபெயர்க்கும்போது அந்தப் பிள்ளையும் அழுதாள். நான் மட்டும் அழவில்லை, எனக்கு வேலை இருந்தது. தொலைபேசியை வைத்த பிறகு சமையலறைக்குப் போய் ஆசை தீர அழுதேன்.

பத்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். தினமும் இரண்டரைக்கு நான் அழைப்பேன். முதல் மூன்று நாள் பாடாய்ப் படுத்தியது: வியர்வை, வாந்தி, சுவரில் எறும்பு ஊர்கிற தோற்றம். ஐந்தாம் நாள், "மிஸ், இதக் கேளுங்க" என்று தொலைபேசியை எதற்கோ பக்கத்தில் பிடித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன தம்பி?" என்றேன். "டீக் கோப்பையத் தட்டோட கையில வெச்சிருக்கேன் மிஸ். சத்தமே இல்ல!" என்றார். அந்தக் கோப்பை விஷயத்தை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். உடனே எங்கள் பழைய டொக்டருக்கு அழைத்துச் சொன்னேன். அவர், "ரொம்ப சந்தோசம், ரொம்ப சந்தோசம்" என்று தன் இருபது, முப்பது சொல்லில் இரண்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வார்டை விட்டு வந்த பிறகு கிழமைக்கு ஒரு கூட்டம். குடியை விட்டவர்கள் வட்டமாக இருந்து ஆளுக்கு ஆள் மனம் விட்டுப் பேச வேண்டும். ஆங்கிலம் வராதே என்று மகேஸ் இரண்டு கிழமை வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் கிழமை தமிழிலேயே பத்து நிமிடம் பேசிவிட்டாராம். ஒரு சொல்லும் விளங்காத பதினைந்து பேரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அதற்கு நன்றியாக அடுத்த கிழமை நாற்பது வடை சுட்டுக்கொண்டு போயிருக்கிறார். சமையற்காரன் அல்லவா.

ஒன்றரை வருடம் கழித்து விடுமுறையில் வரப்போவதாகச் சொன்னார். கூடவே ஒரு கவலையும் சொன்னார். "மிஸ், வெளிநாட்டுல இருந்து வர்றவன் ஏர்போர்ட்டுல ரெண்டு போத்தலாச்சும் வாங்கிட்டு வரணும். அதுதான் எங்க லயத்துல மரியாத. மாமா, மச்சான் எல்லாம் வரிசையா உக்காந்திருப்பாங்க. வெறுங்கையோட எப்புடி உள்ள போறது?" ஊர் விட்டு ஊர் போய்ச் செய்த வைத்தியம் எல்லாம் வீட்டு வாசலில் வைத்துத்தான் உடையும், எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். வாங்க வேண்டாம் என்றேன். நானும் வருகிறேன் என்றேன்.

போனேன். எனக்காகக் கட்டுகஸ்தோட்டை ஹலால் கடையில் கோழி வாங்கிச் சமைத்திருந்தாள் தனலட்சுமி. தேயிலைக்கு நடுவே நீளமான லயம், வாசல் முழுக்க ஆட்கள். நடுவில் மகேஸின் தாய்மாமன் சுப்பையா. ஆயுள் முழுக்கக் கொழுந்து லொறிக்கு மூட்டை ஏற்றியவர், குரலும் லொறி மாதிரி. சூட்கேஸ் திறக்கப்பட்டது. சொக்லேட், சவர்க்காரம், பிள்ளைகளுக்கு ஜாக்கெட். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது, மாமாவின் முகம் நீண்டுகொண்டே வந்தது.

மகேஸ் எழுந்து நின்றார். "மாமா, போத்தலு இல்ல. நான் அங்க ரொம்பக் குடிச்சு, வலிப்பு வந்து, சாகப் பாத்தேன். மருந்து எடுத்து நிறுத்திட்டேன். இனிமே நம்ம வீட்டுக்குள்ள எங் கையால அது வராது."

தனலட்சுமி அடுப்படி வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாமா கடைசியில், "ஏன்டா, ஒரு காலு கூடவா இல்ல?" என்றார்.

மகேஸ் பெட்டியின் அடியில் கைவிட்டு இரண்டு முழங்கால் பட்டிகளை எடுத்து மாமாவின் மடியில் வைத்தார். "ரெண்டு காலுக்கும் இருக்கு மாமா!"

பிறகு நடந்த கதையை அவரே சொன்னார், காலைத் தூக்கி இறக்கிக் காட்டிச் சொன்னார். லயமே அதிர்ந்தது. மாமாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமினார், பட்டியைச் சாரத்துக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நடந்து காட்டினார். எனக்கு வயிறு நொந்துவிட்டது. அப்படி ஒரு பகல் சாப்பாடு நான் என் பிள்ளைகளின் கலியாணத்தில்கூடச் சாப்பிட்டதில்லை.

மூன்று மணிக்கு நான் புறப்பட்டேன். ஆட்டோ நகரும்போது யாரோ பின்னால் ஓடி வருவது தெரிந்தது. சுப்பையா மாமா. மூச்சு வாங்கியது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலில் லயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் என் பக்கம் குனிந்தார். அந்த லொறிக் குரல் எங்கே போனதோ.

"மிஸ்," என்றார், "இந்த வைத்தியத்துக்கு வெளிநாடு போகணுமா மிஸ்?"

ஆட்டோக்காரரிடம் என்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

"வாணாம் ஐயா" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கினேன்.